மல்லிகை மலராதது ஏன்?

யாழ்ப்பாணக் குடாநாட்டு வளவுகளிற் கிணற்றடிக்கு அருகே ஒரு மல்லிகைப் பற்றை நிற்பது வழக்கம். பூசைக்கும் கூந்தலுக்கும் வேண்டிய மலரை அதுவே தரல் வேண்டும். ஆயினும் பல வீடுகளிற் பற்றை தழைத்து நிற்க, வீட்டார் வெள்ளிக்கிழமைதோறும் கடையிற் பூ வாங்குகின்றனர். மூன்று நான்கு ஆண்டுகள் பொறுத்திருந்து, மலட்டுச் செடியென்று அதனைத் தறித்தெறிவோரும் உளர். பெரும்பாலும் குறை செடியில் இல்லை, பராமரிப்பிலேயே உண்டு.

யூரியா அளவுக்கு மிஞ்சினால் நெற்பயிர் கடும்பச்சையாகத் தழைத்துச் சாய்வதையும், பதர் மிகுவதையும் கமக்காரர் நன்கறிவர். மல்லிகைக்கும் இந்நியாயம் பொருந்தும். நிழல், மிகுந்த நீர், மிகுந்த தழைப்பசளை, கத்தரியாமை ஆகிய நான்குமே மலரைத் தடுப்பன.

இடமும் நடுகையும்

நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் படும் இடத்தைத் தெரிதல் வேண்டும். மாமரத்தின் கீழும் வடக்குச் சுவரின் மறைவிலும் மல்லிகை இலையை மட்டுமே பெருக்கும். ஒன்றரை அடி நீள அகல ஆழமுள்ள குழியை வெட்டி, மேல்மண்ணுடன் உக்கிய மாட்டெரு ஒரு கூடை கலந்து நிரப்புக. குண்டுமல்லிகை பெரும்பாலும் விதை கொள்வதில்லை; ஆதலால் பதியம் வைத்தோ தண்டுத் துண்டுகளை நாட்டியோ பெருக்கலாம். தாழ்ந்த கிளையொன்றை வளைத்து, ஒரு கணுவிற் பட்டையைச் சிறிது கீறி, மண்ணுட் புதைத்து ஈரம் காத்தால், மூன்று நான்கு மாதங்களில் வேர்கொண்ட கன்று கிடைக்கும். மாரி தொடங்கும்போது நடுதல் நன்று.

நீரும் பசளையும்

கிணற்றடியிற் குளிக்கும் நீரும் துவைக்கும் நீரும் நாள்முழுதும் செடியின் அடியிற் பாய்வது பெருந்தவறு. வேர் மூச்சின்றி அழுகும். சவர்க்கார நீரால் மண்ணின் காரத்தன்மையும் மிகும். கழிவுநீர் வாய்க்காலை வேறு திசைக்குத் திருப்பி, மேல்மண் காய்ந்தபின் நல்ல நீரை ஆழ ஊற்றுதலே முறை. அரும்பு விடுங்காலத்தில் மட்டும் வாடவிடலாகாது.

பசளையிலும் விகிதமே முக்கியம். தமிழ்நாட்டு மல்லிகைத் தோட்டங்களுக்கு, செடியொன்றுக்கு ஆண்டுக்கு நைதரசன் 60 கிராமும், பொசுபரசும் பொட்டாசியமும் தனித்தனி 120 கிராமும் இரு முறையாகப் பிரித்து இடும்படி சிபாரிசு செய்யப்படுகின்றது. அஃதாவது, தழையை வளர்க்கும் சத்தினும் ஏனைய இரண்டும் இரு மடங்காகும். நெல்லுக்கு வாங்கிய யூரியாவில் எஞ்சியதை மல்லிகைக்கு எறிவோர் இதனைக் கவனிக்க.

கத்தரித்தல்

மல்லிகை புதுத்தளிரின் நுனியிலேயே அரும்பு கட்டும். முதிர்ந்த கிளைகள் எத்துணை நீண்டாலும், புதுத்தளிர் இன்றேல் பூ இல்லை. ஆகவே மாரி மழை ஓய்ந்தபின், மார்கழிக் கடைசி தொடக்கம் தை நடுப்பகுதி வரையில், பத்து நாள் நீரைக் குறைத்து, செடி முழுவதையும் நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கூரிய கத்தியால் வெட்டுக. பட்ட கிளைகளையும் நோயுற்றவற்றையும் அடியோடு நீக்குக. பின் தூரைச் சுற்றிக் கொத்தி, எருவும் பசளையும் இட்டு, நீர் பாய்ச்சுக. வெட்டிய செடி மொட்டையாய் நிற்பதைக் கண்டு வீட்டார் வருந்துவர். ஓரிரு வாரங்களில் துளிர் எழும்போது அவ்வருத்தம் தீரும். பூத்து முடிந்த கிளை நுனிகளை அவ்வப்போது கிள்ளிவிட்டால் மறு துளிரும் மறு பூவும் வரும்.

மஞ்சளிப்பும் பீடைகளும்

சுண்ணக்கற் பாங்கான மண்ணில் இளம் இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாய் இருப்பின், அது இரும்புச்சத்துக் குறைவாகும். ஒரு லீற்றர் நீருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்து, இலை தேறும்வரை இரு வாரத்துக்கொருமுறை மாலையில் தெளிக்கலாம்.

இலையிலும் தண்டிலும் வெண்கம்பளி போன்ற படை தோன்றின் அது சிற்றுண்ணியின் வேலை. அப்பகுதியை வெட்டி எரித்தல் வேண்டும். அரும்புகள் நூலாற் பிணைந்து துளைபட்டிருப்பின் உள்ளே புழு உண்டு. அவற்றைப் பறித்து அழித்தபின், வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லீற்றர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடித்து, சிறிது சவர்க்காரம் சேர்த்துத் தெளிக்கலாம்.

பறித்தல்

மல்லிகை மாலையில் விரியத் தொடங்கும். கட்டி மாலையாக்க வேண்டின், வெண்மையாய்ப் பருத்த முகைகளை விரியுமுன் பறித்தல் நன்று. நன்கு பராமரித்த செடி பங்குனி தொடக்கம் கோடை முழுவதும் பூக்கும். வீட்டுத் தேவைக்கு மிஞ்சியதை அயலாருக்குக் கொடுக்கலாம். நாலைந்து செடி வைத்திருப்போர் சந்தைக்கும் அனுப்பலாம்.

ஆகவே, பூவாத மல்லிகையைத் தூரோடு தறிக்க எண்ணுவோர், வருகின்ற தை மாதத்தில் ஒன்றரை அடி உயரத்தில் ஒருமுறை வெட்டிப் பார்ப்பாராக. கத்தி ஒன்றே, எவ்விடத்தில் வெட்டுகின்றோம் என்பதிலேயே செடியின் வாழ்வு தங்கியிருக்கின்றது.