மாத்திரைக்கு எட்டாத மிச்சம்

எச்.ஐ.வி.க்கு ஏ.ஆர்.டி. மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுபவரின் வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) அறிக்கையில் 'கண்டறியும் அளவுக்குக் கீழ்' என்று வந்தால், ரத்தத்தில் வைரஸே இல்லை என்று பொருளல்ல. வழக்கமான பரிசோதனைகள் பலவும் ஒரு மில்லிலிட்டரில் 20 அல்லது 50 வைரஸ் நகல்களுக்குக் கீழே எண்ணுவதில்லை. ஒற்றை நகலையும் பிடிக்கும் பரிசோதனை 2003இல் வந்தது. பல ஆண்டுகளாகச் சிகிச்சையில் இருப்பவர்களில் பெரும்பாலோரிடம் அது சில நகல்களைக் கண்டது. அப்படியானால் மருந்து அரைகுறையாகத்தான் வேலை செய்கிறதோ என்ற சந்தேகம் எழுவது இயல்பு. ஆனால் அந்த மிச்சம் மருந்தின் தோல்வியல்ல; மருந்து தொடங்கும் முன்பே தொற்றிய செல்களின் கசிவு.

எச்.ஐ.வி. தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, சிடி4 என்ற நோய் எதிர்ப்புச் செல்லின் மரபணுத் தொகுதிக்குள் செருகிவிடும். இப்போது பரவலாகத் தரப்படும் கூட்டு மாத்திரையில் டெனோஃபோவிர், லாமிவுடின் இரண்டும் அந்த மாற்றத்தைத் தடுக்கின்றன. டோலுடெக்ராவிர் செருகலைத் தடுக்கிறது. மூன்றும் காப்பது புதிய செல்களைத்தான். ஏற்கெனவே செருகிக்கொண்டதை எந்த மருந்தும் பிடுங்கி எறிவதில்லை. அத்தகைய செல்களில் உறங்கும் நினைவுச் செல்கள் நீண்ட ஆயுள் கொண்டவை. அவற்றின் இருப்பு பாதியாகக் குறையவே சுமார் 44 மாதங்கள் ஆகும் என்றும், முற்றிலும் தீர 70 ஆண்டுகளுக்கு மேலாகும் என்றும் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். போதாததற்கு, செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே இருக்கும் வைரஸ் மரபணுவும் இரண்டாகிறது. இந்த உறங்கும் செல்களில் சில அவ்வப்போது விழித்து வைரஸை வெளியிடுகின்றன.

சிறிய அளவில் புதுத் தொற்றும் நடக்கிறது என்று வாதிடுவோர் உண்டு. அப்படியானால் கூடுதலாக ஒரு மருந்து சேர்த்தால் மிச்சம் குறைய வேண்டும். ரால்டெக்ராவிர் என்ற மருந்தைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளில் அது குறையவில்லை. வைரஸ் பெருகிக்கொண்டிருந்தால் ஆண்டுக்கு ஆண்டு புதுப்புதுத் திரிபுகளும் சேர வேண்டும். ஆனால் பலரிடம் ஒரே மரபணு வரிசைதான் திரும்பத் திரும்பக் கிடைக்கிறது. மருந்தால் மிச்சத்தை ஒழிக்க முடியாதென்றால் எதற்காகத் தினமும் சாப்பிட வேண்டும் என்று கேட்கலாம். கசியும் வைரஸ் அடுத்த செல்லைப் பிடிக்காமல் தடுப்பது அந்த மாத்திரைதான். நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே வைரஸ் திரும்பும். அமெரிக்காவின் மிசிசிப்பியில் மருந்தின்றி 27 மாதங்கள் இருந்த குழந்தையிடமும் 2014இல் அது திரும்பியது.

வைரல் லோடு ஏறிக்கொண்டே போனால், மாத்திரை தவறியதா, மருந்து எதிர்ப்பு வந்ததா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். கண்டறியும் அளவுக்குக் கீழே நிலையாக இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியே தொற்று பரவுவதில்லை. மிச்சத்தை நினைத்து அஞ்ச வேண்டாம்; மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.