இதயத்தின் வாயில்கள்

நாம் உறங்கினாலும் உறங்காதது இதயம். நிமிடத்திற்கு 70 முறை துடிக்கும் இதயம் ஒரு நாளில் ஓர் இலட்சம் முறை சுருங்கி விரிகிறது. தவளையின் இதயத்தை உடலினின்று பிரித்துத் தக்க உப்பு நீரில் இட்டாலும் அது நெடுநேரம் துடித்துக்கொண்டிருக்கும். எனவே அதனைத் துடிக்க வைப்பது மூளையன்று, நரம்புமன்று. பின் யாது? இவ்வினாவுக்கு விடை தேடியவர்களுள் முதன்மையான ஒருவர், 1936இல் இலண்டனில் பிறந்த டெனிஸ் நோபிள்.

நம் உடலின் உயிரணு ஒவ்வொன்றும் ஒரு சிறு கோட்டை. கோட்டைக்குள்ளே பொட்டாசியம் மிகுதி. வெளியே சோடியம் மிகுதி. இவை மின்னேற்றம் பெற்ற அணுக்களாக, அதாவது அயனிகளாக, நீரில் கரைந்துள்ளன. கோட்டைச் சுவரில் நுண்ணிய வாயில்கள் உள்ளன. சோடியத்திற்கு ஒரு வாயில், பொட்டாசியத்திற்கு வேறொரு வாயில். இவை திறந்து மூடுங்கால் அயனிகள் பாய்கின்றன. அப்பாய்ச்சலே உடலின் மின்சாரம்.

நரம்பில் இது நிகழும் முறையைக் கணவாய் மீனின் தடித்த நரம்பிழையில் ஆராய்ந்து, 1952இல் கணக்குச் சமன்பாடுகளாக எழுதியவர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும். 1963இல் இருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். ஆயின் நரம்பின் மின் துடிப்பு ஓரிரு மில்லி வினாடியில் முடிந்துவிடும். இதயத் தசையின் துடிப்போ ஏறத்தாழ வினாடியில் மூன்றில் ஒரு பங்கு நீடிக்கிறது. அவ்வாறு நீடிப்பதால்தான் ஒரு சுருக்கம் முடியுமுன் மறு சுருக்கம் தொடங்குவதில்லை. இதயம் விரிந்து இரத்தத்தை நிரப்பிக்கொள்ளவும் நேரம் கிடைக்கிறது. இந்நீட்சிக்குக் காரணம் என்ன?

இலண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஆராய்ச்சி மாணவராயிருந்த நோபிள், ஆட்டின் இதய இழைகளை ஆராய்ந்தார். அங்கே பொட்டாசிய வாயில் ஒன்றன்று, இருவகை எனக் கண்டார். துடிப்புத் தொடங்கியதும் ஒன்று மூடிக்கொள்கிறது; மற்றொன்று மெல்ல மெல்லத் திறக்கிறது. இவ்விரண்டையும் சமன்பாட்டில் சேர்த்தால் இதயத் துடிப்பு வருமா? கையால் கணக்கிட்டு மாளாது. பல்கலைக்கழகத்தின் மெர்க்குரிக் கணிப்பொறியில் அவருக்குக் கிடைத்த நேரம் இரவு 2 மணி முதல் 4 மணி வரை. ஊர் உறங்கிய வேளையில் அவர் கணக்கிட்டார். தாளில் வந்த எண்கள் நீண்ட துடிப்பைக் காட்டின. அது தானே மீண்டும் மீண்டும் எழவும் கண்டார். 1960இல் அவ்வாராய்ச்சி ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது.

எனினும் அவரை நாம் போற்றுதற்கு இஃதொன்றே காரணமன்று. அடுத்த துடிப்பைத் தூண்டுவது பொட்டாசிய வாயில் ஒன்று மெல்ல மூடுவதே என்று 1968இல் அவரும் அவர் மாணவர் ட்சியனும் எழுதினர். பல்லாண்டு அக்கருத்து நிலைத்தது. 1981இல் இத்தாலிய அறிஞர் டிஃபிரான்செஸ்கோ அதனைத் தலைகீழாக்கினார்: அங்கே ஒரு வாயில் மூடவில்லை, வேறொரு வாயில் திறந்து, பெரும்பாலும் சோடியத்தை உள்ளே விடுகிறது என்று காட்டினார். நோபிள் தம் பழைய கருத்தைப் பிடித்துக்கொண்டு வாதாடவில்லை. திருத்தியவரோடேயே கூடி, புதிய சமன்பாடுகளை 1985இல் வெளியிட்டார். அவ்வாயிலை அடைத்து இதய வேகத்தைத் தணிக்கும் ஐவாபிரடின் என்னும் மருந்து இன்று வழக்கில் உள்ளது.

வாயில் பழுதுற்றால் உயிருக்கே கேடு. தும்மலுக்கும் அரிப்புக்கும் தந்த டெர்ஃபெனடின் என்னும் மருந்து, வேறு சில மருந்துகளோடு சேர்ந்தபோது பொட்டாசிய வாயிலை அடைத்துச் சிலரைக் கொன்றது. 1998இல் அமெரிக்கச் சந்தையினின்று அது நீக்கப்பட்டது. நமக்கு அருகிலும் சான்று உண்டு. 1982 முதல் 1990 வரை சிங்கப்பூரில் தாய்லாந்துத் தொழிலாளர் 200 பேருக்கு மேல், நோய் யாதும் அறியப்படாதவர்கள், திடீரென இறந்தனர். பலர் உறக்கத்திலேயே உயிர் நீத்தனர். 1992இல் புருகாடா உடன்பிறப்பினர் ஓர் இதய நோயை விவரித்தனர். 1998இல் அந்நோயாளர் சிலரிடம் சோடிய வாயிலின் மரபணுவில் குறை காணப்பட்டது. தென்கிழக்காசியரின் உறக்கச் சாவும் அதே நோயே என 2002இல் ஓர் ஆராய்ச்சி காட்டியது.

மருத்துவ மாணவர் இ.சி.ஜி. வரைபடத்தின் மேடு பள்ளங்களைப் பெயர் சொல்லி மனப்பாடம் செய்யலாம், தேர்விலும் வெல்லலாம். ஆனால் எந்த மேடு எந்த வாயிலின் வேலை என்று உணர்ந்தவரே, புதிய மருந்தோ புதிய நோயோ எதிர்ப்படும்போது எண்ணிப் பார்த்து முடிவு காண்பார். 1984 முதல் 2004 வரை ஆக்ஸ்ஃபோர்டில் இதய இயக்கவியல் பேராசிரியராயிருந்த நோபிளின் வாழ்வு காட்டும் நெறியும் அதுவே.

தமிழ் கற்பிக்கும் நமக்கும் இதில் பாடம் உண்டு. சூத்திரத்தை ஒப்பிக்கும் மாணவனை உருவாக்குதல் எளிது; ‘ஏன்’ என்று கேட்பவனை உருவாக்குதல் அரிது. அவன் ஒருநாள் நம் பிழையையே சுட்டிக் காட்டுவான். அன்று அவனோடு அமர்ந்து திருத்திக்கொள்பவரே ஆசிரியர்.