தாளிப்பதற்கு முன்

மாட்டுப் பொங்கலன்று ஆலங்குடிப் பக்கம் காளைக்குக் கொம்பு சீவி வண்ணம் பூசுவார்கள். பசுவுக்கு மாலை கட்டி, தொழுவத்திலேயே பொங்கல் வைத்து, வாழையிலையோடு ஊட்டுவார்கள். ராத்திரியெல்லாம் அந்தத் தொழுவத்தைக் காவல் காத்த நாய், அடுப்புப் புகைக்குச் சற்றுத் தள்ளிப் படுத்தபடி அத்தனையையும் பார்த்துக்கொண்டிருக்கும். அதன் பங்கு கடைசியில்தான் வரும். இலைகளில் மிஞ்சிய சர்க்கரைப் பொங்கல், சாம்பார்ச் சோறு, பாதி கடித்த வடை, கறிக்குழம்பு எலும்பு எல்லாம் ஒன்றாய்க் கொட்டப்படும். மறுநாள் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தால் ‘கண்டதையும் தின்னுருச்சு’ என்போம். தின்றதெல்லாம் நாம் போட்டதுதான்.

நேபாளத்தில் தீபாவளியை ஒட்டி வரும் திகார் பண்டிகையில் ஒரு நாள் முழுக்க நாய்க்கே உரியது. குகுர் திகார் என்று பெயர். மாலை சூட்டி, நெற்றியில் திலகமிட்டு, நல்ல உணவு படைக்கிறார்கள். நாமும் நாயை வைரவர் வாகனமாக வைத்திருக்கிறோம். பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்தில் வைரவன்பட்டி என்று ஊரே இருக்கிறது. தேய்பிறை அஷ்டமிக்கு வைரவருக்கு வடைமாலை சாத்துகிறோம். அந்த வடையில் மிளகு உண்டு, வெங்காயம் கிடையாது. நம் வீட்டு வடையில் வெங்காயம் உண்டு. நாயின் உடம்புக்கு இது பெரிய வித்தியாசம். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துச் சோகையை உண்டாக்கும். வேகவைத்தாலும் பொரித்தாலும் அந்தக் குணம் போவதில்லை.

‘நாய் வயிற்றில் நெய்ச்சோறு தங்குமா’ என்பது ரகசியம் காக்கத் தெரியாதவரைச் சொல்லும் பழமொழி. உடலியல்படியும் அதில் உண்மை உண்டு. பழக்கமில்லாத வயிற்றில் நெய்யும் முந்திரியும் ஒரேயடியாகப் போய் இறங்கினால் கணையம் வீங்கி அழற்சி கண்டுவிடலாம். அதற்குப் பிறகு வாந்தியும் வயிற்று வலியும்தான். சர்க்கரைப் பொங்கலில் வாசனைக்குச் சேர்க்கும் ஜாதிக்காயும் பச்சைக் கற்பூரமும் நாய்க்கு ஆகாதவை. எல்லாவற்றையும்விட மோசமானது அதில் மின்னும் உலர்திராட்சை.

திராட்சை தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் செயலிழப்பதை மருத்துவர்கள் பல ஆண்டுகளாகப் பார்த்து வந்தார்கள். காரணம் பிடிபடவில்லை. அமெரிக்காவில் விலங்கு நச்சுச் சிகிச்சை பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் 2021இல் ஒரு துப்பைப் பிடித்தார்கள். வீட்டில் பிசைந்த விளையாட்டு மாவைத் தின்ற நாய்க்கும் அதே கதி நேர்ந்திருந்தது. அந்த மாவில் இருந்தது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. திராட்சையிலும் இருப்பது அந்த அமிலமே. அடுத்த ஆண்டு வெளியான கட்டுரையில் இன்னொரு பொருளும் சேர்ந்துகொண்டது. அது புளி. டார்டாரிக் அமிலம் மிகுந்த பழங்களில் புளி முன்வரிசையில் நிற்கிறது. நாயின் சிறுநீரகம் இந்த அமிலத்தைச் சரிவர வெளியேற்ற முடியாமல் சேதமடைகிறது என்று இப்போது கருதுகிறார்கள்.

புளியமரம் நிற்காத சாலை எங்கள் பக்கம் குறைவு. புளி இல்லாத குழம்பும் குறைவு. ‘எங்க வீட்டு நாய் பத்து வருசமா சாம்பார்ச் சோறுதான் திங்குது’ என்று யாராவது சொன்னால் அது பொய்யாக இருக்காது. கரைத்த புளியின் அளவும் நாய்க்கு நாய் உடம்பின் தாங்குதிறனும் வேறுபடும். ஆனால் இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று ஓர் அளவை யாரும் வகுத்துத் தரவில்லை. புளியோதரையும் குழைத்த புளியும் நாய்க்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். தின்றுவிட்டது தெரிந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

என் அப்பத்தாவுக்கு இந்த அமிலத்தின் பெயர் தெரியாது. ஆனாலும் அடுப்படியில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். சோறு கொதித்ததும் உப்பு போடுவதற்கு முன்பே ஓர் அகப்பை அள்ளி ஈயச்சட்டியில் ஊற்றி ஆறவைப்பார். “தாளிக்கிறதுக்கு முன்னாடி அது பங்க எடுத்துரு” என்பார். நாய்க்குப் பண்டிகைப் பலகாரம் செய்வதன் சூத்திரம் மொத்தமும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. வெல்லமும் நெய்யும் புளியும் வெங்காயமும் சேர்வதற்கு முன் நம் வீட்டுப் பொருள்களில் பெரும்பாலானவை நாய்க்கும் நல்ல உணவுதான்.

நாய்க்கு இறைச்சிதான் உணவு, தானியம் எதற்கு என்று கேட்கலாம். ஓநாய்க்கு அது பொருந்தும். ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் நேச்சர் இதழில் இதற்குப் பதில் சொன்னார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் 2 படிகளே இருக்க, நாய்களிடம் 4 முதல் 30 வரை இருக்கிறது. மனிதன் உழுது விதைத்து வாழத் தொடங்கியபின் அவன் குப்பைமேட்டையும் வாசலையும் சுற்றி வந்த விலங்கு, அவன் சோற்றுக்கு ஏற்பத் தன் குடலைத் திருத்திக்கொண்டது. ஆனால் நம்மைப்போல் எச்சிலிலேயே மாவைக் கரைக்கும் வசதி அதற்கு இல்லை. கணையநீர் சேரும் சிறுகுடலில்தான் வேலை தொடங்குகிறது. அதனால் தானியம் நன்றாக வெந்திருக்க வேண்டும். வேகாத மாவு சரியாகச் செரிக்காது.

தை மாதம் சர்க்கரைவள்ளிக் கிழங்கு மலிவாகக் கிடைக்கும். அதைக் கொண்டே நாய்க்குப் பண்டிகைப் பலகாரம் செய்யலாம். வேகவைத்துத் தோலுரித்து மசித்தது 200 கிராம், கேழ்வரகு மாவு 200 கிராம், ஒரு முட்டை, வறுத்துப் பொடித்த உப்பில்லா வேர்க்கடலை இரண்டு மேசைக்கரண்டி போதும். பொடிப்பதற்கு முன் கடலையை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்குங்கள். பூஞ்சை பிடித்த சொத்தைக் கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். நாயின் ஈரல் அதைத் தாங்காது. நமக்கு ஆகாது என்று ஒதுக்கிய கடலையை நாய்க்குப் போடும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும்.

கேழ்வரகில் கோதுமையின் பசைப்புரதம் கிடையாது. தட்டும்போது ஓரம் வெடிக்கும். முட்டை சேர்ப்பது அதற்காகத்தான். சூட்டில் அதன் புரதம் இறுகி மாவைக் கட்டிப்பிடிக்கும். எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து, நெல்லிக்காய் அளவு உருட்டி உள்ளங்கையில் வைத்துத் தட்டினால் ஐம்பது வில்லை வரும். சுடுவதற்கு ஓவன் வேண்டாம். கடலை வறுக்கிறவர் மணலைச் சூடாக்குகிற அதே வழிதான். அடிகனமான பழைய குண்டானில் இரண்டு விரல் உயரம் மணல் பரப்பி மூடிப் பத்து நிமிடம் காயவிட்டு, உள்ளே ஒரு வளையத்தின்மேல் தட்டை வைத்து வில்லைகளை அடுக்கி, சிறு தணலில் அரைமணி நேரம் மூடிவையுங்கள். ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். மேற்புறம் செம்பழுப்பாகும்போது கிளம்பும் வறுத்த வாசனை, சர்க்கரையும் புரதமும் சூட்டில் கூடுவதால் வருவது. நமக்கே மூக்கைத் துளைக்கும் அந்த வாசனை, நம்மைவிடப் பல மடங்கு மோப்ப உணரிகள் கொண்ட மூக்குக்கு எப்படி இருக்கும்! நாக்குச் சுவையில் நாய் நம்மைவிடப் பின்தங்கியது. அதன் சுவைமொட்டுகள் சுமார் 1,700, நமக்கு 9,000 வரை. உப்பும் வெல்லமும் இல்லையே என்று அதற்காக நாம் வருந்த வேண்டியதில்லை.

ஆறியபின் இன்னொரு முறை பதினைந்து நிமிடம் இளஞ்சூட்டில் உலர்த்தினால் மொறுமொறுப்பாகும். பிஸ்கட் என்ற சொல்லுக்கே இருமுறை சுட்டது என்றுதான் லத்தீனில் பொருள். ஈரம் வற்றினால் பூஞ்சைக்கு வாழ்விடம் இல்லை. கப்பலில் மாதக்கணக்கில் தாங்கிய மாலுமி பிஸ்கட்டின் சூட்சுமமும் இதுவே. 19ஆம் நூற்றாண்டில் லண்டன் துறைமுகத்தில் தெருநாய்கள் அந்தப் பிஸ்கட்டைக் கடித்துத் தின்பதைப் பார்த்துத்தான் ஜேம்ஸ் ஸ்பிராட் என்ற அமெரிக்கருக்கு நாய் பிஸ்கட் விற்கும் எண்ணம் வந்தது என்பார்கள்.

அளவும் முக்கியம். பலகாரம் ஒரு நாள் உணவின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 15 கிலோ எடையுள்ள நாட்டு நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 850 கிலோ கலோரி வேண்டும். நம் வில்லை ஒன்றில் ஏறக்குறைய 20 இருக்கிறது. ஆக நாலு வில்லை. முதல்நாள் ஒன்றை உடைத்துக் கொடுத்து வயிறு ஏற்கிறதா என்று பார்த்துவிட்டு மறுநாள் மீதியைக் கொடுப்பது நல்லது.

போன மாட்டுப் பொங்கலுக்கு எங்கள் நாய் மணிக்கு இதைச் செய்தேன். கன்றுக்குட்டிக்குப் பொங்கல் ஊட்டிய கையோடு டப்பாவைத் திறந்தேன். முதல் வில்லையை மோந்து பார்த்தான், வாயில் மெல்லக் கவ்வினான், தின்னவில்லை. வைக்கோல்போருக்குப் பின்னால் கொண்டுபோய் முன்காலால் மண்ணைப் பறித்துப் புதைத்து, மூக்காலேயே மூடினான். திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்து டப்பாவைப் பார்த்தான். இரண்டாவதை அங்கேயே கடித்தான். தொழுவத்து மாடுகள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் கேட்டது.