எழுதுகிற கை யாருடையது?

எங்கள் பிள்ளைச்சாவடியின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'சாவடி'யைப் பிரெஞ்சுக்காரர்கள் 'ஷோத்ரி' ஆக்கினார்கள். புதுச்சேரியில் தமிழர்களின் சிவில் வழக்குகளை விசாரித்த நீதிமன்றத்துக்கு அதுவே பெயர். வழக்கு அதிகாரத்தையே தொடும்போது சாவடி போதாது, கோட்டைக்குள் போய்விடும். 1716-ல் நயினியப்ப பிள்ளைக்கு நடந்தது அதுதான்.

பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகர் அவர். கிறித்தவரல்லாத ஒருவர் அந்தப் பதவியில் இருப்பதை ஏசுசபையினர் எதிர்த்துவந்தார்கள். பிப்ரவரியில் ஆளுநர் எபேர் அவரைக் கைது செய்தார். கொடுங்கோன்மை, கலகம் என்பவை குற்றச்சாட்டுகள். ஜூனில் தீர்ப்பு: கடைத்தெருவில் 50 சாட்டையடி, 3 ஆண்டு சிறை, 8,888 வராகன் அபராதம், பிறகு நாடுகடத்தல். 1717 ஆகஸ்டில் சிறையிலேயே செத்துப்போனார்.

பிரான்சின் 1670-ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டப்படி விசாரணை ரகசியம், தண்டனை பகிரங்கம். வழக்கறிஞர் கிடையாது. இங்கிலாந்திலும் பெருங்குற்ற வழக்குகளில் முழுமையான வழக்கறிஞர் உரிமை 1836-ல்தான் வந்தது. ஆனால் அங்கே விசாரணை ஜூரி முன்னால், ஊர் பார்க்க நடந்தது. பிரெஞ்சு முறையின் ரகசியத்தை, அடிபடும் உடலை ஃபூக்கோ விரிவாகப் பேசியிருக்கிறார். அவர் பேசாத ஒன்று காலனியில் சேர்கிறது: மொழிபெயர்ப்பு.

சாட்சிகள் தமிழில் சொன்னது போர்த்துகீசிய மொழிக்குப் போய், பிரெஞ்சில் எழுத்தாகியது. துபாஷி, ஏசுசபையினரின் தலைமை உபதேசியாருடைய மகன். என்ன எழுதியிருக்கு என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டோம் என்று சாட்சிகள் பிறகு சொன்னார்கள். ஆக, குற்றம் நிரூபிக்கப்படவில்லை, எழுதப்பட்டது. வாய்ச்சொல் தாளாக மாறும் அந்த இடைவெளியில்தான் அதிகாரம் உட்கார்ந்திருக்கிறது.

தீர்ப்பு பின்னால் ரத்தானது, அவர் செத்த பிறகு. பிள்ளைகள் பிரான்சுக்கு மனு அனுப்பினார்கள். வணிகத் தொடர்புகள், ஏசுசபைக்கு எதிரான பாதிரிகளின் ஆதரவு எல்லாம் துணைநின்றன. இதை நீதியின் வெற்றி என்று கொண்டாட எனக்கு மனசு வரவில்லை. காசும் கப்பலும் எட்டிய குடும்பம் என்பதால் எதிர்க்கோப்பு ஒன்று உருவாயிற்று, அவ்வளவுதான். அதே காலத்தில் அடிபட்ட கூலிக்காரனுக்குக் கோப்பே கிடையாது.

போலீசிடம் தரும் சாட்சி வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக்கூடாது என்றுதான் இன்றைய சட்டமும் சொல்கிறது. 2023-இன் புதிய சட்டத்திலும் அந்த விதி தொடர்கிறது. சட்டமே எழுதுகிற கையைச் சந்தேகிக்கிறது என்று இதற்குப் பொருள். அதனால் ஸ்டேஷனுக்குப் போகும் தோழர்கள் 'அடிச்சாங்களா?' என்பதோடு இன்னொன்றும் கேட்க வேண்டும்: 'எழுதுனதைப் படிச்சுக் காட்டுனாங்களா, உனக்குப் புரியற பாஷையில?'