மோட்டார் போட இரவில் ஓட வேண்டாம்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் கிணற்றுப் பாசனம் செய்வோரின் தூக்கத்தைக் கெடுப்பது மும்முனை மின்சாரம். இரவில் அது வரும் நேரம் பார்த்து டார்ச் விளக்குடன் வரப்பில் நடக்க வேண்டும். பாம்புக்கு அஞ்சினால் மல்லிகை காயும்.

இந்த நடையைச் செல்போன் மிச்சப்படுத்துகிறது. புனேயைச் சேர்ந்த பொறியாளர் சந்தோஷ் ஓஸ்த்வால் உருவாக்கிய ‘நானோ கணேஷ்’ இவ்வகையில் பெயர் பெற்றது. இன்று பல கம்பெனிகளின் கருவிகள் கிடைக்கின்றன.

ஸ்டார்ட்டர் அருகில் ஒரு சிறு பெட்டி. உள்ளே சிம் கார்டு. வீட்டிலிருந்து அந்த எண்ணை அழைத்துக் கட்டளை கொடுத்தால், ஸ்டார்ட்டரின் பச்சை, சிவப்புப் பொத்தான்களை அழுத்தும் வேலையைப் பெட்டியிலுள்ள ரிலே செய்துவிடும். மின்சாரம் வந்ததையும் மோட்டார் நின்றதையும் தெரிவிக்கும். கிணற்றில் நீர் வற்றினாலும், ஒரு முனை போனாலும் தானே நிறுத்தும் வசதி உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் காயில் கருகும். ரீவைண்டிங் செலவு கருவி விலையை விழுங்கிவிடும்.

வாங்குமுன் மோட்டார் அறையில் சிக்னல் கிடைக்கிறதா என்று பாருங்கள். சிம்முக்கு ரீசார்ஜ் தவறினால் மீண்டும் டார்ச்தான்! சிறு, குறு விவசாயிகளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் வழங்கி வந்துள்ளது. இவ்வாண்டு உண்டா என உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

மிக முக்கியமான ஒன்று. ஒருவர் மோட்டாரில் கை வைத்திருக்கும்போது, வீட்டிலிருந்து இன்னொருவர் அறியாமல் போனை அழுத்திவிடக்கூடும். ஆகவே பழுது பார்க்குமுன் மெயின் சுவிட்சை அணைத்து, ப்யூஸ் கட்டைகளைக் கழற்றிக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.