டயருக்குள் ஒரு வானொலிக் கருவி

மும்பை மாநகரில் தாராவி என்றதும், கழிக்கப்பட்ட பொருள்களைப் பிரித்து மீண்டும் பயன்படச் செய்யும் தொழிலே நினைவுக்கு வரும். இச்சிக்கன முறை போற்றத்தக்கது. ஆயினும், பார்வைக்குப் பழுதற்றவையாக இருந்தும் வேறோர் இடத்திற்குப் பொருந்தாத பொருள்கள் சில உண்டு. மோட்டார் வண்டியின் டயர் அழுத்த உணரி அவற்றுள் ஒன்று.

சக்கரத்தின் வால்வை ஒட்டி டயருக்குள் பொருத்தப்படும் இச்சிறு கருவி, காற்றழுத்தத்தை அளந்து வானொலி அலைகளின் வாயிலாக வண்டிக்கு அறிவிக்கிறது. இக்கருவி அமைப்பும் பஞ்சர் ஒட்டும் சாதனமும் உடைய சிறு வண்டிகளுக்கு மாற்றுச் சக்கரம் கட்டாயமில்லை என 2020ஆம் ஆண்டில் இந்திய விதி திருத்தப்பட்டது. ஆதலின் உணரியின் நம்பகம் முக்கியமாகிறது. மின்சார வண்டிகளிலோ மின்கலத் தொகுதியின் பாரம் அதிகம். காற்றுக் குறைந்தால் டயர் சூடேறுவதோடு, ஒரு மின்னேற்றத்தில் ஓடும் தூரமும் குறையும்.

பழைய மின்சார வண்டிக்கு, உபயோகித்த உணரியை வாங்குவோர் நான்கு செய்திகளைக் கவனித்தல் வேண்டும். முதலாவது, அலைவரிசை. அமெரிக்க வண்டிகள் பலவற்றில் 315 மெகாஹெர்ட்ஸும், ஐரோப்பிய வண்டிகளில் 433 மெகாஹெர்ட்ஸும் வழங்குகின்றன. டெஸ்லாவின் முந்தைய வண்டிகள் 433 மெகாஹெர்ட்ஸில் இயங்க, அண்மைக்கால வண்டிகள் புளூடூத் முறைக்கு மாறிவிட்டன. இரண்டாவது, செய்தியின் அமைப்பு. அலைவரிசை ஒத்திருப்பினும், ஒரு நிறுவனத்தின் குறியீட்டை மற்றொரு நிறுவனத்தின் வண்டி அறியாது. மூன்றாவது, அடையாள எண். ஒவ்வோர் உணரிக்கும் உரிய தனி எண்ணை வண்டியில் பதிவு செய்தாலன்றி அதன் செய்தி ஏற்கப்படாது. நான்காவது, ஆயுள். உணரிக்குள் மூடி முத்திரையிடப்பட்ட மின்கலம் பொதுவாக 5 முதல் 10 ஆண்டுகளே உழைக்கும். அதைத் தனியே மாற்ற இயலாது. இவையன்றி, பெங்களூரில் தயாராகி 2001இல் விற்பனைக்கு வந்த ரேவா போன்ற முற்கால வண்டிகளில் செய்தியை ஏற்கும் கருவியே இல்லை. அவற்றில் உணரியை மட்டும் பொருத்துவது வீண்.

பொருந்தாத உணரியால் விளையும் தீங்கு பணநஷ்டம் மட்டுமன்று. எச்சரிக்கை விளக்கு ஓயாது எரிவதைக் கண்டு பழகியவர், மெய்யாகவே காற்று இறங்கும் நாளிலும் அதனைப் பொருட்படுத்தார்.

ஆசிரியர்கள் இதனைக் கொண்டு வாயு விதியை எளிதில் விளக்கலாம். காலையில் 30 பாகை வெப்பத்தில் 33 பவுண்டு அழுத்தமுள்ள டயர், செம்பூரிலிருந்து மாதுங்கா வரை ஓடி 50 பாகையை எட்டினால், அழுத்தம் ஏறத்தாழ 36 பவுண்டாக உயரும். ஆகவே, டயர் குளிர்ந்திருக்கும்போதே அளத்தல் வேண்டும். உணரி இருப்பினும் இல்லாவிடினும், மாதம் ஒருமுறை சாதாரண அழுத்தமானியால் அளந்து பார்க்கும் வழக்கத்தைக் கள ஊழியர்கள் மக்களிடையே பரப்புவார்களாயின், பல விபத்துகள் தவிர்க்கப்படும்.