ராசம்மா ருக்மணி தேவியான கதை

எத்தாளையிலிருந்து பாலாவிக்கு வந்து கொழும்பு பஸ் ஏறும் நம் சகோதரிகள், நீர்கொழும்பைக் கடந்துதான் செல்கின்றனர். இலங்கையின் முதலாவது சிங்களப் பேசும்படத்தின் கதாநாயகி வாழ்ந்த ஊர் அது. ருக்மணி தேவி என்று நாடே அறிந்த அவரது இயற்பெயர் டெய்சி ராசம்மா டேனியல்ஸ். கொழும்புச் செட்டி சமூகத்துக் கிறிஸ்தவக் குடும்பமொன்றில், 1923 ஜனவரி 15ஆம் திகதி மலைநாட்டின் ரம்பொடையில் பிறந்தார்.

பெண்கள் மேடையேறுவதை ஊரார் ஏளனமாய்ப் பார்த்த காலத்தில், சிறுமியாக இருக்கும்போதே ராமாயண நாடகத்தில் சீதையாக நடித்தார். 1939இல் அவரது பாடல் இசைத்தட்டில் பதிவாயிற்று. பின்னர் பி.ஏ.டபிள்யூ. ஜயமான்னவின் மினர்வா நாடகக் குழுவில் சேர்ந்தார். ஜயமான்னவின் தம்பி எடி ஜயமான்னவே பின்னாளில் அவரது கணவரானார்.

அக்குழுவின் 'கடவுணு பொரொந்துவ' (உடைந்த வாக்குறுதி) என்னும் நாடகம் படமாகி, 1947 ஜனவரி 21ஆம் திகதி கொழும்பில் திரையிடப்பட்டது. தயாரித்தவர் தமிழரான எஸ்.எம். நாயகம். இயக்கியவர் வங்காளியான ஜோதிஷ் சிங். படம் பிடிக்கப்பட்டதோ மதுரையில்! அதே ஆண்டில் வந்த 'அசோகமாலா'வுக்கு முகம்மது கவுஸ் இசையமைத்தார். சேலத்திலிருந்து வந்த மொஹிதீன் பேக் பாடினார். சிங்களத் திரையின் தொட்டிலை எல்லாச் சமூகத்தாரும் சேர்ந்தே ஆட்டினர் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

ஆனால் கதாநாயகியின் காலம் குறுகியது. வயது ஏற ஏறப் பட வாய்ப்புகள் குறைந்தன. அரச உத்தியோகத்தருக்கு ஓய்வூதியம் உண்டு. மேடைக் கலைஞருக்கோ அடுத்த மேடைதான் வருமானம். ருக்மணி தேவியும் இசை நிகழ்ச்சிகளில் பாடிக்கொண்டே இருந்தார். மாத்தறையில் பாடிவிட்டு வீடு திரும்புகையில், 1978 அக்டோபர் 28ஆம் திகதி, ஜா-எல அருகே துடெல்லவில் கார் விபத்தில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 55. அவருடைய இறுதி ஊர்வலத்தில் மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். பின்னர் நீர்கொழும்பில் சிலையும் வைத்தனர்.

சகோதரிகளே! கைதட்டலும் கண்ணீரும் ஒருவரின் முதுமைக்குச் சோறு போடா. நடிகைக்கு மட்டுமன்று, தையல் தைத்தும் பாய் இழைத்தும் குடும்பம் காக்கும் நம் வீட்டுப் பெண்ணுக்கும் இது பொருந்தும். அவள் உழைப்பில் ஒரு பங்கை அவள் பெயரிலேயே சேமித்து வையுங்கள். அவளது கை ஓயும் நாளில் அது அவளுக்குத் துணையாகும்.